ஒண்டு, மூண்டு, நாலு, ரெண்டு

பள்ளிக்கூடத்துக் கூட்டாளிமாரே, போன வாரம் நம்முடைய வாட்ஸ்அப் குழுவில் என் படம் ஒன்று சுற்றியதைப் பார்த்து எல்லோரும் வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். காரின் பொனட்டைத் திறந்து வைத்து, முக்காட்டைக் காதுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டி, இரண்டு கையிலும் கரியோடு நிற்கிறேன். எடுத்தது என் மருமகன். மாமியைப் பற்றி உலகத்துக்கு அறிவிக்க அவருக்குக் கிடைத்த முதல் சந்தர்ப்பம், விடுவாரா? சாய்ந்தமருதுக்காரி, “பென்சன் காணாம கராஜ் திறந்திட்டியா கிளி?” என்று கேட்டிருந்தாள். அட்டாளைச்சேனைக்காரி, “ஊர்ல பாஸ்மார் எல்லாரும் மௌத்தாகிட்டாங்களா?” என்று எழுதியிருந்தாள்.

நான் ஸ்பார்க் பிளக் மாற்றிக்கொண்டிருந்தேன். என் காரில் பிளக் மாற்ற இதுவரை எந்தப் பாஸின், அதாவது எந்த மெக்கானிக்கின், கையும் பட்டதில்லை. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன். தன்னடக்கம் பார்க்கிற வயது எனக்குத் தாண்டிவிட்டது. ஆனால் பெருமையில் முக்கால்வாசி என்னுடையது இல்லை, என் சாச்சியுடையது. உம்மாவின் தங்கை. நீங்கள் மருதமுனையில் எங்கள் வீட்டுக்கு விளையாட வந்த நாட்களில் பக்கத்து வளவில் தறி ஓடுகிற சத்தம் கேட்டிருக்குமே, அவர்தான்.

நாம் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடத்து மாரியை ஞாபகப்படுத்திப் பாருங்கள். பள்ளிக்கூடத்து மைதானம் குளமாகி, மீன்குஞ்சு பிடித்து அடி வாங்கினோமே, அந்த மாரி. அதில்தான் சாச்சியின் புருசன், எங்கள் சாச்சா, காய்ச்சலில் மௌத்தானார்.

நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு பெண்பிள்ளைக்கு, மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேருவார். சாச்சா வந்தது ஒரு டிரங்குப் பெட்டியோடும் ஒரு மொரிஸ் மைனர் காரோடும். சாம்பல் நிறம். உள்ளே தோல் சீட்டும் பெற்றோலும் அத்தரும் கலந்த ஒரு மணம். கல்முனைச் சந்தியில் அதை நிறுத்தி வாடகைக்கு ஓட்டினார். ஆஸ்பத்திரிக்குப் பிள்ளை பெறப் போனவர்களும், மாப்பிள்ளையாகப் போனவர்களும் அந்தக் காரில்தான் போனார்கள். வீட்டில் சோறு பொங்கியதும் அதனால்தான். சாச்சியின் தறி சேலைக்கும் பெருநாளுக்கும் போதும், அரிசிக்குப் போதாது.

வேலையில்லாத நாளில் சாச்சா காரை வேப்பமரத்தடியில் நிறுத்தி, எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு நிற்பார். அப்போது வாய்க்குள் எண்ணுவார். “ஒண்டு, மூண்டு, நாலு, ரெண்டு. ஒண்டு, மூண்டு, நாலு, ரெண்டு.” தறியில் இருந்தபடியே சாச்சி ஏசுவார்.

“குர்ஆன் மதரசாவுக்கும் போகல்ல, பள்ளிக்கூடத்துக்கும் போகல்ல. நாலு வரைக்கும் ஒழுங்கா எண்ணத் தெரியாத மனுசன் எனக்கு வந்து வாய்ச்சிரிக்கு.”

சாச்சா தலையை வெளியே எடுக்காமலே சிரிப்பார். ஒருநாளும் திருத்தி எண்ணியதில்லை, ஏனென்று விளக்கம் சொன்னதும் இல்லை. நாங்கள் பிள்ளைகள் அதைப் பாட்டாக்கி, கயிறடிக்கும்போது பாடுவோம்.

மாரி தொடங்கும்போது அவருக்குக் காய்ச்சல் பிடித்தது. படுத்தவர் எழும்பவில்லை. கார் வேப்பமரத்தடியில் மழை முழுவதையும் வாங்கிக்கொண்டு நின்றது. ஜனாஸா அடக்கிய அன்று தூரத்துச் சொந்தங்களைக் கூட்டி வர அதை எடுக்கப் பார்த்தார்கள். மாமா, அதாவது உம்மாவுக்கும் சாச்சிக்கும் மூத்த சகோதரர், தானே காரின் முன்பக்கத்தில் கைப்பிடியைப் போட்டு எஞ்சினைச் சுழற்றினார். பிறகு இளவட்டங்கள் மாறி மாறிச் சுழற்றினார்கள். கார் முனகக்கூட இல்லை. யாரோ ஒருவர், “உடையவன் போயிட்டார், காருக்கும் மூச்சுப் போயிட்டு” என்றார். அவ்வளவுதான், ஊர் அதைப் பிடித்துக்கொண்டது. நம் பெரியவர்கள் ஒரு விஷயத்தைப் பார்த்து முடிவு செய்வதைவிட, அழகாகச் சொல்லப்பட்டதை வைத்து முடிவு செய்வது அதிகம் என்று இப்போது எனக்குப் படுகிறது.

ஒரு வாரம் போக மாமா வந்து கதவுத் திரைக்கு வெளியே நின்று கதைத்தார். காரை இரும்புக்குக் கொடுத்துவிடலாம், லொறியும் ஆட்களும் கொண்டு வருகிறேன் என்றார். கெட்டவர் இல்லை. தங்கையின் பாரத்தைக் குறைப்பதாகத்தான் நினைத்தார்.

சாச்சி திரைக்கு உள்ளே இருந்து சொன்னார், “காக்கா, நான் இத்தா இரிக்கிறன். அந்நிய ஆம்பிளை ஒருத்தரும் இந்த வளவுக்குள்ள வரப்படா. இத்தா முடியட்டும், பிறகு பாப்பம்.”

புருசனை இழந்த பெண் வெளியே இறங்காமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கிற அந்த நான்கு மாதமும் பத்து நாளும், நம் ஊரில் யாரும் வாய்திறந்து மறுக்க முடியாத ஒரு வேலி. வேறு பெண்கள் அதற்குள் அழுதுகொண்டிருப்பார்கள். சாச்சியும் அழுதார், ஆனால் அந்த வேலிக்குள் காரையும் சேர்த்து வைத்துக்கொண்டார். “சரி, இத்தா முடியிற அண்டைக்கு லொறி வரும்” என்று மாமா சொல்லிவிட்டுப் போனார்.

சாச்சிக்குத் துணையாக என்னை அந்த வீட்டில் படுக்க விட்டார்கள். வெள்ளைச் சேலையோடு அவர் தறியில் இருப்பார், நான் பக்கத்தில் நூல் சுற்றுவேன். ஒருநாள் மழை விட்டிருந்தபோது, காருக்குள் தண்ணீர் இறங்கியதா என்று பார்க்க இருவரும் போனோம். டிக்கியில் சாச்சாவின் பிஸ்கட் டின் இருந்தது. மூடியில் குதிரைவண்டிப் படம் போட்ட டின். உள்ளே பிளக் கழற்றுகிற ஸ்பேனர், கொஞ்சம் மண்ணெண்ணெய்த் துணி, அதற்கடியில் கடதாசி பிரிக்காத நாலு புதுப் பிளக்.

சாச்சி அதில் ஒன்றை எடுத்து உள்ளங்கையில் வைத்து நெடுநேரம் பார்த்தார்.

“மகள், கார் செத்துப் போயிட்டெண்டு சொல்றாங்க. செத்ததுக்கு ஆராச்சும் மருந்து வாங்குவாங்களா? இது வருத்தம். அவருக்குத் தெரிஞ்சிரிக்கு. மருந்தும் வாங்கி வெச்சிட்டுத்தான் படுத்திரிக்காரு.”

அடுத்த நாள் லுஹர் தொழுதுவிட்டுச் சாச்சி சேலையை இழுத்துச் செருகினார். எஞ்சினுக்குள் கை வைத்துப் பழக்கம் இல்லை. ஆனால் எத்தனை வருடம் தறிக்கு எதிரேயுள்ள ஜன்னலால் பார்த்திருக்கிறார். கையால் செய்யாததைக் கண்ணால் செய்திருந்தார் என்று சொல்லலாம். முதலில் அடுப்பு ஊதுகிற குழலைக் கொண்டுவரச் சொன்னார். பிளக்கைச் சுற்றியிருந்த மண்ணையும் வேப்பஞ்சருகையும் ஊதித் தள்ளினார். கழற்றிய பிறகு குப்பை உள்ளே விழுந்தால் எஞ்சின் கெட்டுப்போகும் என்று சாச்சா ஒருமுறை யாருக்கோ ஏசியது ஞாபகம் இருந்ததாம். பிறகு நாலு வயரையும் இழுத்துக் கழற்றி ஒரு பக்கம் ஒதுக்கினார். ஸ்பேனரைப் போட்டுத் திருகினார். பழைய பிளக் ஒவ்வொன்றும் அடுப்புக்கரி போலக் கறுத்து, எண்ணெயில் நனைந்து வந்தது.

புதியதைப் போடும்போது ஸ்பேனரைத் தொடவில்லை. நூல் கோக்கிற விரல்கள் அல்லவா. வெறும் விரலால் பதமாகத் திருகி, மரை தானாக இழுத்துக்கொள்ளும்வரை காத்திருந்தார். விரலுக்கு மேல் போகாது என்றான பிறகுதான் ஸ்பேனரால் ஒரு சின்னத் திருப்பு. இன்றைக்கும் நான் அப்படித்தான் செய்கிறேன். முதலிலேயே ஸ்பேனரைப் போட்டு முறுக்கி மரையைத் தின்ன வைத்த ஆண்பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன், பெயர் சொல்ல மாட்டேன், அதில் இருவர் இந்தக் குழுவில் உள்ளவர்களின் புருசன்மார்.

இனி வயர். நாலு வயரும் ஒரு வட்ட மூடியிலிருந்து வருகின்றன, நாலும் ஒரே நீளம், ஒரே கறுப்பு. ரேடியேற்றர்ப் பக்கம் இருக்கிற பிளக்கும் அதன் வயரும்தான் முதலாவது என்று சாச்சிக்குத் தெரியும், சாச்சா எப்போதும் அதிலிருந்துதான் தொடங்குவார். மற்றதில் சாச்சிக்குச் சந்தேகமே வரவில்லை. தறியின் பாவில் முதலாம் நூலுக்குப் பக்கத்தில் இரண்டாம் நூல், அதற்குப் பக்கத்தில் மூன்றாம் நூல். வட்டத்தில் வருகிற ஒழுங்கிலேயே முதலாம் பிளக், இரண்டாம் பிளக் என்று வரிசையாகக் கோத்துவிட்டார். தறிக்காரியைத் தவிர வேறு யாரும் அவ்வளவு நம்பிக்கையோடு அந்தப் பிழையைச் செய்திருக்க முடியாது.

என்னை உள்ளே உட்கார்த்தி, சாவியைத் திருப்பிப் பிடிக்கச் சொன்னார். தான் முன்னால் போய்க் கைப்பிடியைப் பிடித்தார். பிடிப்பதற்கு முன் விரல்களைக் காட்டினார், பெருவிரலை மற்ற விரல்களோடு ஒரே பக்கமாகச் சேர்த்து. “தனியப் பிடிச்சா திருப்பி அடிக்கிற நேரம் பெருவிரல உடைச்சிரும். அவர்ர கூட்டாளி ஒருத்தருக்கு அப்பிடித்தான்” என்றார். ஒரு சுழற்று. கார் இருமியது. இன்னொரு சுழற்று. பின்னால் புகைக்குழாயில் டமாரென்று வெடித்தது, வேம்பிலிருந்த காகம் எல்லாம் கிளம்பிப் போனது.

செத்துப்போன கார் தானாக இருமுகிறது என்று அஸர் தொழுகைக்குள் தெரு முழுக்கப் பரவிவிட்டது. ஆண் இல்லாத வீடு, இத்தா வீடு, உள்ளே யார் கார் எடுப்பது? ஜின்னாகத்தான் இருக்க வேண்டும். பள்ளிவாசல் லெப்பை வந்து வேலிக்கு வெளியே நின்று ஓதி ஊதினார். சாச்சி குசினிக்குள் கரிக் கையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். சாச்சா போன பிறகு அவர் சிரித்ததை நான் அன்றுதான் கண்டேன். கன்னத்தில் ஐந்து விரலும் கரியாகப் பதிந்திருந்தன.

சிரிப்பு அடங்கியதும் பயம் வந்தது. “மருந்து குடுத்தும் எழும்பல்லயே மகள்” என்றார். அதற்குப் பிறகு சில நாள் கார்ப்பக்கம் போகவில்லை. லொறி வரப்போகிறது என்பதை அவர் அப்போதுதான் உண்மையாக நம்பினார் என்று நினைக்கிறேன்.

ஒரு மழை நாள். சாச்சி பூக்கரை வைத்த சேலை ஒன்று நெய்துகொண்டிருந்தார். நான் தரையில் இருந்து அவருடைய கால்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தறிக்கு மிதி நாலு. கால் ஒன்றை மிதித்து, அடுத்ததை விட்டுத் தாண்டிப் போனது.

“ஏன் சாச்சி வரிசையா மிதிக்கல்ல?” என்று கேட்டேன்.

“வரிசையா மிதிச்சா வெறுந்துணி. பூ விழணுமெண்டா கால் தாண்டித்தான் போகணும். எந்த மிதிக்குப் பிறகு எந்த மிதியெண்டு...”

சொல்லிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். தறியும் நின்றது. கூரையில் மழை மட்டும் கேட்டது. சாச்சி மெதுவாக, தனக்குத்தானே, “ஒண்டு, மூண்டு, நாலு, ரெண்டு” என்றார். இன்னொரு தரம் சொன்னார். பிறகு நெற்றியைத் தறிக்கட்டையில் வைத்துக்கொண்டு அழத் தொடங்கினார். நான் பயந்து உம்மாவைக் கூப்பிடப் போக, கையைப் பிடித்து நிறுத்தினார்.

“பொழைப்பறிஞ்ச மனுசனப் பாத்து எண்ணத் தெரியாதெண்டு ஏசிப்போட்டன் மகள். ஒரு நாளாவது திருப்பிச் சொல்லியிரிக்கலாமே அவரு.”

மழையோடு மழையாகவே போனோம். நான் குடை பிடித்தேன். சாச்சா எண்ணிய ஒழுங்கிலேயே, முதலாம் வயரை அப்படியே விட்டுவிட்டு, வட்டத்தில் அடுத்ததை மூன்றாம் பிளக்குக்கும், அதற்கடுத்ததை நாலாவதுக்கும், கடைசியை இரண்டாவதுக்கும் மாட்டினார். வட்டத்தை எந்தப் பக்கமாகச் சுற்றுவது என்பதில் ஒருமுறை பிழைத்தது, கார் உதைத்தது. மறுபக்கமாகச் சுற்றி மாட்டிக் கைப்பிடியைச் சுழற்றியபோது, பழைய சாமான்களின் சத்தம் எல்லாம் ஒன்றுசேர்ந்து ஒரே சீராக ஓடத் தொடங்கியது. சீட்டுக்கடியில் அந்த நடுக்கம் வந்ததும் நான் சந்தோசத்தில் அழுதுவிட்டேன். மழை இரைச்சலில் தெருவுக்கு ஒன்றும் கேட்கவில்லை. இனி மறக்கக் கூடாதென்று சாச்சி நாலு வயருக்கும் நாலு நிற நூல் கட்டினார். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம்.

இத்தா முடிந்த அன்று வீடு நிறையப் பெண்கள். சாச்சியைக் குளிக்க வார்த்துப் புதுச்சேலை உடுத்திவிட்டிருந்தார்கள். வேலிக் கடப்புக்கு வெளியே லொறி வந்து நின்றது. மாமா வடக்கயிறோடு வளவுக்குள் வந்தார், பின்னால் லொறிக்காரர்கள். சாச்சி முக்காட்டைச் சரிசெய்துகொண்டு முற்றத்தில் இறங்கினார்.

“காக்கா, செத்தத இழுத்துக்கொண்டு போங்க. உசிர் இரிந்தா விடுங்க” என்று சொல்லி, என்னை உள்ளே ஏற்றிவிட்டுக் கைப்பிடியைச் சுழற்றினார். கார் இரண்டாம் சுழற்றில் ஓடியது.

பெண்கள் சிரிக்கத் தொடங்கினார்கள், உம்மா “அல்ஹம்துலில்லாஹ்” என்றார். மாமா சிரிக்கவில்லை. அவருடைய முகம் கறுத்துக்கொண்டு வந்தது.

“எந்தப் பாஸ் வந்த?” என்றார்.

சிரிப்பு நின்றது. அந்தக் கேள்வியின் கனம் எனக்குப் புரியவில்லை, வளர்ந்த பெண்கள் எல்லோருக்கும் புரிந்தது. கார் ஓடுகிறதென்றால் யாரோ ஒரு ஆண் திருத்தியிருக்க வேண்டும். ஆண் திருத்தியிருந்தால் இத்தா வீட்டுக்குள் ஆண் வந்திருக்கிறான். ஜின் கதை எல்லோருக்கும் ஞாபகம் வந்தது, இப்போது வேறு மாதிரி வந்தது. லொறிக்காரர்கள் நிலத்தைப் பார்த்தார்கள்.

“ஒருத்தரும் வரல்ல மாமா. சாச்சிதான்” என்றேன்.

“சின்னப் புள்ளைக்கும் பொய் சொல்லிக் குடுத்தாச்சி” என்றார் மாமா.

சாச்சி அழுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் காரை நிறுத்தினார். உம்மாவிடம் திரும்பி, “ராத்தா, காக்காவுக்குத் தேத்தண்ணி ஊத்துங்க” என்றார். பிறகு மாமாவைப் பார்த்து, “இரிங்க காக்கா. எஞ்சின் சூடா இரிக்கிற நேரம் பிளக் கழத்தப்படா. ஆறட்டும், காட்டுறன்” என்றார்.

மாமா கதிரையில் உட்கார்ந்தார். தேத்தண்ணியைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்காமல் இருந்தார். ஆறிய பிறகு சாச்சி சாச்சா உடுத்த பழைய சாரம் ஒன்றை விரித்து, டின்னையும் ஊதுகுழலையும் கொண்டுவரச் சொன்னார். வயர்களில் கட்டியிருந்த நூல்களை அவிழ்த்து என் கையில் தந்தார். நாலு வயரையும் கழற்றினார். “நீங்களே கலக்கி விடுங்க காக்கா” என்றார். மாமா எழும்பி வந்து வயர்களை ஒன்றுக்குள் ஒன்றாகப் பின்னிவிட்டார், முழு மனதோடுதான் செய்தார்.

சாச்சி ஊதினார். பிளக் நாலையும் கழற்றிச் சாரத்தில் வரிசையாக வைத்தார். ஒவ்வொன்றாகத் துடைத்து, விரலால் திருகி ஏற்றி, கடைசியில் ஸ்பேனரால் சின்னத் திருப்புக் கொடுத்தார். வயர்களைச் சிக்கெடுத்து மூடியில் முதலாவதைத் தொட்டார். பிறகு வளவில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்க, அந்த மனுசனின் குரலைப் போலவே இழுத்து எண்ணினார். “ஒண்டு. மூண்டு. நாலு. ரெண்டு.”

கைப்பிடியை அவர் தொடவில்லை. மாமாவிடம் நீட்டினார். “பெருவிரலச் சேத்துப் பிடிங்க” என்றார். மாமா சுழற்றினார். கார் ஓடியது.

மாமா கொஞ்ச நேரம் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு வடக்கயிற்றைச் சுருட்டி லொறிக்காரரிடம் கொடுத்தார். “போங்க தம்பி. இஞ்ச இரும்பு ஒண்டும் இல்ல” என்றார். ஆறிப்போன தேத்தண்ணியை எடுத்து ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “சீனி காணா” என்றார். மாமாவின் வாயிலிருந்து மன்னிப்பு என்பது அவ்வளவுதான் வரும் என்று சாச்சிக்குத் தெரியும். சீனி போட்டு இன்னொன்று ஊற்றிக் கொடுத்தார்.

அந்தக் காரைச் சாரதி ஒருவரை வைத்து ஓட்டுவித்துத்தான் சாச்சி தன் வீட்டை நடத்தினார். பிளக் மாற்றும் வேலையைச் சாரதிக்கு ஒருநாளும் விட்டதில்லை. பிற்காலத்தில் மாமா ஒரு பழைய கார் வாங்கினார். அது இருமும்போதெல்லாம் சாச்சியின் வளவில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, சும்மா தேத்தண்ணி குடிக்க வந்ததாகச் சொல்வார்.

பிஸ்கட் டின்னும் ஊதுகுழலும் தறியும் சுனாமியில் கடல் வந்த அன்று வீட்டோடு போய்விட்டன. சாச்சி என் வீட்டுக்கு வந்தார். கடைசிக் காலத்தில் அவருக்கு ஞாபகம் தப்பத் தொடங்கியது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனேன். இளம் டொக்டர், நல்ல பிள்ளை, பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்டார். இன்றைக்கு என்ன கிழமை என்றார், சாச்சிக்குத் தெரியவில்லை. என்னைக் காட்டி யாரென்றார், உம்மாவின் பெயரைச் சொன்னார்.

“சரி உம்மா, ஒண்டிலிருந்து எண்ணுங்க பாப்பம்.”

சாச்சி கண்ணை மூடிக்கொண்டார். உதடு அசைந்தது.

“ஒண்டு. மூண்டு. நாலு. ரெண்டு.”

டொக்டர் இன்னொருமுறை எண்ணச் சொன்னார். அதே மாதிரித்தான் வந்தது. அவர் என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தி, “எண்ணிக்கையும் போயிட்டு” என்றார்.

“இல்ல டொக்டர்,” என்றேன். “அவ சரியாத்தான் எண்ணுறா.”

சாச்சி என் கையைப் பிடித்திருந்தார். பெருவிரல் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாகச் சேர்ந்திருந்தது.